மிதக்கத் தெரிந்த பிறகு கேமரா: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா முக்குளிப்புப் பயணங்களைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேமராவைப் பற்றியவை. ஒன்றுபோல் இருந்த கேள்விகளை இணைத்துப் பதில் தருகிறேன். எந்த நிறுவனத்தின் கேமரா சிறந்தது என்று கேட்டவர்களுக்கு இங்கே விடை கிடைக்காது. அந்தப் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறிவிடும். ஆண்டுக்கு ஆண்டு மாறாத விஷயங்களே எழுதித் தீராத அளவுக்கு இருக்கின்றன.

கேள்வி: அடிப்படைப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்று இரண்டு மாதங்கள் ஆகின்றன. இதுவரை ஆறு முறை கடலில் இறங்கியிருக்கிறேன். அடுத்த விடுமுறைப் பயணத்துக்கு நல்ல கேமரா ஒன்று வாங்க விரும்புகிறேன். எப்படிப்பட்டதை வாங்கலாம்?

பதில்: இந்தப் பயணத்துக்கு வேண்டாம், அதற்கு அடுத்த பயணத்துக்கு வாங்குங்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என நம்புகிறேன். தரையில் படமெடுப்பவருக்கு முக்காலி உண்டு. நீருக்கடியில் அந்த வேலையைச் செய்வது நம் நுரையீரல். மூச்சை இழுத்தால் உடல் மெல்ல மேலெழும்பும், விட்டால் தாழும். இந்த ஏற்ற இறக்கத்தை ஓரிரு சாண் அளவுக்குள் அடக்கத் தெரியாதவர் கையில் எவ்வளவு விலையுயர்ந்த கருவியைக் கொடுத்தாலும், படம் ஊஞ்சலில் உட்கார்ந்து எடுத்ததுபோலத்தான் வரும். தடுமாறும்போது துடுப்புக் காலணி பவளத்தின் மேல் பட்டுவிட்டால், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே வளர்ந்த ஒரு கிளை ஒரே உதையில் முறிந்துபோகும்.

இன்னொரு காரணம் உங்கள் உயிரைப் பற்றியது. கேமரா பழகியவர்கள் எல்லோருக்கும், படம் ஆடாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. தரையில் அது நல்ல வழக்கம். ஸ்கூபாவில் முதல் நாளே கற்றுத்தரும் விதியோ மூச்சை ஒருபோதும் பிடித்து வைக்கக் கூடாது என்பது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல இரண்டு மடங்கு என்பதால், அங்கே நுரையீரலை நிரப்பிய காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். மூச்சைப் பிடித்தபடி தன்னையறியாமல் இரண்டு மீட்டர் மேலெழுந்தாலே நுரையீரல் காயப்படக்கூடும். கேமராத் திரையில் கண் பதித்திருப்பவருக்குத் தான் மேலெழுவது தெரியவே தெரியாது.

உங்களுக்கு ஒரு தேர்வு வைக்கிறேன். ஒவ்வொரு முறையும் மேலே வருவதற்கு முன் பாதுகாப்புக்காக 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்கிறோம் அல்லவா, அப்போது கயிற்றைப் பிடிக்காமல், கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, கண் முன்னால் ஏதாவது ஒரு புள்ளியை மட்டும் பார்த்தபடி நில்லுங்கள். 3 நிமிடமும் ஆழமானி அரை மீட்டருக்கு மேல் மாறாமல் இருந்தால் கேமரா வாங்கலாம். என் அனுபவத்தில் பெரும்பாலோருக்கு அது இருபதாவது, இருபத்தைந்தாவது முக்குளிப்பு வாக்கில் கைகூடுகிறது.

வாங்கும்போது சிறிய ஆக்‌ஷன் கேமராவே போதும். அதை இரண்டு கைப்பிடிகள் உள்ள தட்டில் பொருத்துங்கள். ஒற்றைக் குச்சியின் நுனியில் வைத்தால் மணிக்கட்டின் நடுக்கமெல்லாம் படத்தில் ஏறும். தலையில் கட்டிக்கொள்வதை மறந்துவிடுங்கள். நாம் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை தலையைத் திருப்புகிறோம் என்பது அந்தப் படத்தைப் பார்க்க உட்காரும் வீட்டாருக்குத்தான் தெரியும்.

கேள்வி: 15 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்கள் எல்லாம் நீலமும் பச்சையுமாக இருக்கின்றன. கண்ணுக்கு இவ்வளவு மோசமாகத் தெரியவில்லையே? சிவப்பு ஃபில்டர் போட்டால் சரியாகுமா, விளக்கு வாங்க வேண்டுமா?

பதில்: கேமரா பொய் சொல்லவில்லை, நம் மூளைதான் நமக்குச் சலுகை காட்டுகிறது. பழகிய பொருள்களின் நிறத்தை அது ஓரளவு தானே நிரப்பிக்கொள்ளும். தண்ணீர் ஒளியை நிறத்துக்கு நிறம் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகிறது. முதலில் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, அதன்பின் மஞ்சள். தெளிந்த கடலிலும் 5 மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பு பெருமளவு மங்கிவிடும், 10 மீட்டரில் ஏறக்குறைய மறைந்துவிடும். ஆழத்தில் விரலில் கீறல் பட்டால் கசியும் இரத்தம் பச்சை கலந்த கறுப்பாகத் தெரிவது இதனால்தான். ஆழத்தில் வாழும் மீன்கள் பல ஏன் இவ்வளவு சிவப்பாக இருக்கின்றன என்ற புதிருக்கும் இதிலேயே விடை இருக்கிறது: சிவப்பு ஒளி எட்டாத இடத்தில் சிவப்பு உடல் இருட்டோடு இருட்டாகக் கலந்துவிடும்.

ஒளி மேலிருந்து இறங்கும் தூரம் மட்டும் கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். பொருளிலிருந்து லென்ஸ் வரை அது கடக்கும் தண்ணீரும் அதே வேலையைச் செய்கிறது. 15 மீட்டர் ஆழத்தில் 5 மீட்டர் தள்ளியிருக்கும் பாறையைப் படமெடுத்தால், ஒளி கடந்தது 20 மீட்டர் தண்ணீர். ஆகவே நீருக்கடிப் படப்பிடிப்பில் எனக்குத் தெரிந்த ஒரே மந்திரம், அருகே போங்கள். போன பிறகு இன்னும் கொஞ்சம் அருகே போங்கள். ஜூம் செய்வது அருகே போனதாக ஆகாது. அகலக் கோண லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு மீட்டருக்குள் நெருங்குவதே வழி. கேமராவை மூடும் நீர்புகாப் பெட்டியின் தட்டையான கண்ணாடி முகப்பின் வழியே பார்த்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிந்து, லென்ஸின் கோணம் குறுகிவிடும். அரைக்கோள வடிவ முகப்பு அந்தக் கோணத்தைத் திருப்பித் தருகிறது. கையில் காசு இருந்தால் முதலில் அதற்குச் செலவிடுங்கள்.

சிவப்பு ஃபில்டர் புதிதாக எந்த நிறத்தையும் சேர்ப்பதில்லை. நீலத்தையும் பச்சையையும் வடிகட்டி, எஞ்சியிருக்கும் சிறிதளவு சிவப்பை எடுப்பாக்குகிறது. எனவே எஞ்சியிருக்கும் வரையில்தான், அதாவது சூரியன் உச்சியில் இருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 5 முதல் 20 மீட்டர் ஆழம் வரையில்தான், அதனால் பயன். நீலக் கடலுக்குச் சிவப்பு என்றால் பச்சை கலந்த கடலுக்கு மெஜந்தா. ஃபில்டருடன் சேர்த்து வெண்சமநிலையை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே பதிவாகும்படி செய்யும் கேமரா அமைப்பை, கையால் அமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, வெள்ளைப் பலகையையோ வெளிர் மணல் தரையையோ காட்டி அமைத்துவிட்டு, சில மீட்டர் ஏறினாலோ இறங்கினாலோ மீண்டும் அமைக்க வேண்டும்.

20 மீட்டருக்குக் கீழே விளக்குதான். விளக்கைப் போடும்போது ஃபில்டரைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் இருப்பதெல்லாம் செங்கல் நிறமாகிவிடும். விளக்கு எட்டும் தூரமோ ஒரு மீட்டர், மிஞ்சிப் போனால் ஒன்றரை. அதை லென்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்து நேராக அடித்தால், தண்ணீரில் மிதக்கும் ஒவ்வொரு துகளும் ஒளியைத் திருப்பியடித்து, படத்தில் பனி பெய்வதுபோல் ஆகிவிடும். நீண்ட கைகளில் இரு பக்கமும் விலக்கி வைத்து, விளக்குகளைச் சற்று வெளிப்புறமாகத் திருப்பி, ஒளிக்கற்றைகளின் உள்விளிம்பு மட்டும் பொருளின் மேல் படும்படி அமைத்துப் பாருங்கள்.

கேள்வி: மூழ்கிய கப்பல்களைப் படமெடுப்பது என் நெடுநாள் ஆசை. 40 முக்குளிப்புகள் முடித்திருக்கிறேன், 30 மீட்டர் வரை இறங்கப் பயிற்சியும் இருக்கிறது. எங்கே தொடங்கலாம், கப்பலுக்குள் போகலாமா?

பதில்: தொடங்குவதற்கு என் தேர்வு, இந்தோனேசியாவின் பாலித் தீவில் துலாம்பென் கடற்கரையை ஒட்டிக் கிடக்கும் லிபர்ட்டி. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கி, கரைக்கு இழுத்துவரப்பட்ட அமெரிக்கச் சரக்குக் கப்பல் அது. 21 ஆண்டுகள் கரையிலேயே கிடந்து, 1963இல் அகுங் எரிமலை வெடித்தபோது சரிந்து கடலுக்குள் போனது. படகு வேண்டியதில்லை, கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். மேற்பகுதி சுமார் 5 மீட்டரில் தொடங்கி அடிப்பகுதி 30 மீட்டர் வரை போவதால், எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது. உடல் உடைந்து திறந்து கிடப்பதால் வெளியே நின்றபடியே உள்ளே ஒளி பாய்வதைப் படமாக்க முடியும். அந்தக் கரையின் கறுப்பு எரிமலை மணல் ஒளியைத் திருப்பித் தராது என்பதால் படம் நினைத்ததைவிட இருட்டாக வரும். முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள்.

அடுத்தது எகிப்தை ஒட்டிய செங்கடலில் இருக்கும் திசில்கார்ம். பிரிட்டிஷ் படைகளுக்குப் பொருள் ஏற்றிவந்த இந்தக் கப்பல், சூயஸ் கால்வாய்க்குள் நுழையக் காத்து நங்கூரமிட்டிருந்தபோது, 1941 அக்டோபர் 6ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் ஜெர்மன் விமானங்களின் குண்டுக்கு இரையானது. ஒன்பது பேர் இறந்தார்கள். சரக்கறைகளுக்குள் லாரிகளும், அவற்றின் மேல் வரிசையாக ஏற்றப்பட்ட பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்களும், ரப்பர் பூட்ஸ் குவியல்களும் இன்றும் இருக்கின்றன. மேல்தளத்தில் இருந்த நீராவி ரயில் எஞ்சின்கள் வெடிப்பில் தூக்கியெறியப்பட்டு, கப்பலுக்கு வெளியே கடல் தரையில் நிற்கின்றன. ஒரு மோட்டார் சைக்கிளின் கைப்பிடி, அதன் பின்னால் மெல்ல நகரும் கண்ணாடி மீன் கூட்டம், இவ்வளவுதான் ஒரு காட்சி. முழு லாரியைப் படச் சட்டத்துக்குள் அடக்கப் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் துருப்பிடித்த இருட்டு மட்டுமே கிடைக்கிறது.

இறங்குவதற்கு முன் காற்றுக் கணக்கைப் போட்டுவிடுங்கள். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் 2,400 லிட்டர் காற்று. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் 30 மீட்டரில் நான்கு மடங்கு, அதாவது 80 லிட்டர் சுவாசிப்பார். சிலிண்டரைத் துடைத்தெடுத்தாலும் 30 நிமிடம்தான், கையிருப்பையும் மேலே வரும் நேரத்தையும் கழித்தால் படமெடுக்கக் கிடைப்பது 15 நிமிடம். சாதாரணக் காற்றில் அந்த ஆழத்தின் தடையற்ற நேர வரம்பே, அதாவது வழியில் கட்டாய நிறுத்தங்கள் இல்லாமல் மேலே வர முடிகிற நேரமே, ஏறத்தாழ 20 நிமிடம்தான். காற்றைவிட ஆக்சிஜன் கூடிய கலவையான நைட்ராக்ஸுக்குப் பயிற்சி எடுத்து 32 சதவீத ஆக்சிஜன் கலவையைப் பயன்படுத்தினால் வரம்பு நீளும். ஆனால் அந்தக் கலவையோடு 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. கிடைக்கும் 15 நிமிடத்தில் இரண்டு காட்சிகளுக்கு மேல் திட்டமிடாதீர்கள். கப்பலைச் சுற்றிப் பார்ப்பது ஒரு முக்குளிப்பு, படமெடுப்பது வேறு முக்குளிப்பு. முதல் முறை கேமராவைப் படகிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

கப்பலின் பிரம்மாண்டத்தைக் காட்ட விளக்கு உதவாது. ஃபில்டரும் இயற்கை ஒளியும் வைத்து, தரைக்கு அருகே தாழ்ந்து, கப்பலின் முகப்பை அண்ணாந்து பாருங்கள். மேலே வெளிச்சம், நடுவே கறுத்த இரும்பு, அதன் ஓரத்தில் கையில் விளக்குடன் உங்கள் துணைவர். அந்த மனித உருவம் இல்லாவிட்டால், பார்ப்பவருக்கு அது கப்பலா உடைந்த தொட்டியா என்றுகூடத் தெரியாது. கேமராவை வீசித் திருப்பாதீர்கள். ஓரிடத்தில் நின்று, பாரை மீன் கூட்டமோ ஒற்றைக் களவாய் மீனோ சட்டத்தின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்வரை பொறுத்திருங்கள்.

உள்ளே போவதைப் பற்றி: நின்ற இடத்திலிருந்து வெளியேறும் வழியின் வெளிச்சம் எப்போதும் கண்ணில் படும் விரிந்த சரக்கறை வேறு, திரும்பினால் இருட்டாகும் தாழ்வாரம் வேறு. இரண்டாவதற்குத் தனிப் பயிற்சி, வழிகாட்டும் கயிறு, மாற்று விளக்குகள், மூன்றில் ஒரு பங்கு காற்றில் உள்ளே போய், ஒரு பங்கில் வெளியே வந்து, ஒரு பங்கைத் தொடாமல் வைக்கும் கட்டுப்பாடு, இவையெல்லாம் வேண்டும். பல பத்தாண்டுகளாகப் படிந்த வண்டல் மாவைப்போல நுண்ணியது. காலை மேலும் கீழுமாக அடித்தால் அரை நிமிடத்தில் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. தவளையைப்போலப் பக்கவாட்டில் அடிக்கக் கற்றுக்கொண்டாலும், நீங்கள் விடும் காற்றுக்குமிழிகள் கூரையில் மோதித் துருவை உதிர்க்கும். திரையைப் பார்த்துக்கொண்டே பின்வாங்கி, கம்பியில் சிலிண்டரை மாட்டிக்கொண்ட ஒருவரை விடுவிக்க நான் உதவியிருக்கிறேன். அவர் மேலே வந்ததும் முதலில் கேட்டது, அந்தக் காட்சி பதிவாகியிருக்கிறதா என்பதுதான்.

சில கப்பல்களுக்குள் நுழையவே அனுமதி இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கடலில் 1911 மார்ச்சில் புயலில் சிக்கி, 122 பேருடன் மூழ்கி, 1958இல் அடையாளம் காணப்பட்ட யொங்காலா அப்படிப்பட்டது. வெளியே நின்றாலே திருக்கையும் ஆமையும் கடற்பாம்பும் தாமாக முன்னால் வரும் இடம் அது. உள்ளே போகாததால் படத்துக்கு ஒரு குறையும் இல்லை. நூறாண்டுகளுக்கு மேல் நீருக்கடியில் இருக்கும் கப்பல்களையும் பொருள்களையும் பண்பாட்டு மரபாகக் காக்க யுனெஸ்கோ 2001இல் ஒப்பந்தம் கொண்டுவந்தது. அந்த வயதை எட்டாத கப்பல்களுக்குப் பல நாடுகளில் தனிச் சட்டங்கள் உண்டு. ஒரு தோட்டாவையோ பீங்கான் துண்டையோகூட எடுத்து வராதீர்கள். படத்துக்கு வசதியாக இருக்கட்டும் என்று இடம் மாற்றி வைப்பதும் எடுப்பதற்குச் சமம்தான்.

மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9இல் மூழ்கடிக்கப்பட்ட ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றியும் பலர் கேட்டிருந்தார்கள். அது 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். அதற்குரிய தொழில்நுட்பப் பயிற்சி இல்லாமல் அங்கே இறங்க நினைக்க வேண்டாம்.

கேள்வி: மீன்களை நெருங்கினால் ஓடிவிடுகின்றன. என் படங்களில் பெரும்பாலும் வால்தான் இருக்கிறது.

பதில்: நீங்கள் துரத்துகிறீர்கள். துரத்துபவருக்குக் கடல் முழுவதும் வால்தான். மீன்களுக்கு அன்றாடம் போகவேண்டிய இடங்கள் சில உண்டு. அங்கே முன்கூட்டியே போய்க் காத்திருங்கள். சிறு மீன்கள் பெரிய மீன்களின் உடலிலும் வாயிலும் ஒட்டிய ஒட்டுண்ணிகளைத் தின்று சுத்தம் செய்யும் பாறைகள் அப்படிப்பட்டவை. களவாய் வாயைப் பிளந்தபடி அசையாமல் நிற்பதையும், ஆனைத்திருக்கை வட்டமிட்டுத் திரும்பத் திரும்ப வருவதையும் அங்கே காணலாம். அது வரும் பாதையை மறிக்காமல், ஒரு பக்கமாக ஒதுங்கி, தாழ்ந்து இருங்கள். தலைக்கு மேல் வரும்போது குமிழிகளை மெதுவாக விடுங்கள்.

கோமாளி மீன் ஓடாது, அதன் வீடு பூப்போல விரிந்திருக்கும் கடல் உயிரான கடற்சாமந்திதான். ஒரு முறை ஒரே சாமந்தியின் முன் நாற்பது நிமிடம் இருந்தேன். முதல் பத்து நிமிடம் பெரிய பெண் மீன், கேமராவின் அரைக்கோளக் கண்ணாடியில் தன் உருவத்தையே எதிரியாக எண்ணி, டக் டக் என்று முட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதற்கு அலுத்துவிட்டது. அதன்பின்தான் ஆண் மீன் சாமந்தியின் அடிப்புறமாக ஒதுங்கிப் பாறையில் எதையோ விசிறுவதைக் கவனித்தேன். அரிசி மணியைவிடச் சிறிய முட்டைகள், வரிசை வரிசையாக, ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளிக் கண்கள். பொரிக்கும் நாள் நெருங்கினால்தான் அந்தக் கண்கள் தெரியும். அந்தப் பயணத்தில் நான் எடுத்தவற்றில் இன்றும் வைத்திருப்பது அந்த ஒரு நிமிடப் படம் மட்டுமே.

நுண்ணிய உயிரினங்களைத் தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாத குள்ளக் கடற்குதிரை, தான் வாழும் கடல் விசிறி என்ற விசிறி வடிவப் பவளத்தின் முண்டும் முடிச்சுமாகவே தோற்றம் கொண்டது. ஆய்வுக்காக எடுத்துவந்த விசிறியை உற்றுப் பார்த்தபோதுதான் 1969இல் முதன்முதலாகக் கண்ணில் பட்டது. அது முகத்தைத் திருப்பிக்கொண்டால், குச்சியால் தள்ளி நம் பக்கம் திருப்பும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று இறங்குவதற்கு முன்பே படகில் சொல்லிவிடுங்கள். கீழே போனபின் சைகையால் விளக்க முடியாது. தரையில் கை ஊன்றாமல் இருப்பது உங்களுக்கும் நல்லது. நீங்கள் ஊன்றப்போகும் கல், நஞ்சு முள் கொண்ட கல்மீனாக இருக்கலாம்.

கேள்வி: கேமராவை மூடும் நீர்புகாப் பெட்டியான ஹவுசிங்குக்குள் தண்ணீர் புகுந்து என் கேமரா போய்விட்டது. தரமான ஹவுசிங்தான். எங்கே தவறு நடந்திருக்கும்?

பதில்: ஓ-ரிங் எனப்படும் அந்த ரப்பர் வளையத்தில்தான் பத்துக்கு ஒன்பது முறை தவறு இருக்கும். என்னுடையதில் தண்ணீரை உள்ளே விட்டது ஒரு தலைமுடி. விடியற்காலைப் படகுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், ஈரத் தலையோடு குனிந்து மூடினேன். 12 மீட்டரில் கண்ணாடிக்குள் ஒரு சிறு கோடாக நீர் ஆடுவதைப் பார்த்தபோது மேலே வருவதைத் தவிரச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து முந்தின இரவே, மின்விசிறியை நிறுத்திவிட்டு, நல்ல வெளிச்சத்தில் அந்த வேலையை முடித்துவிடுகிறேன். வளையத்தை வெளியே எடுத்து, விரல்களுக்கிடையே ஓட்டி மணலோ நூலோ இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, பள்ளத்தையும் துடைத்து, சிலிக்கான் கிரீஸை வளையம் பளபளக்கும் அளவுக்கு மட்டும் தடவ வேண்டும். அதிகம் தடவினால் அதுவே தூசியைப் பிடித்து வைக்கும். காற்றை உறிஞ்சிக் கசிவைக் காட்டும் வெற்றிடச் சோதனைக் கருவி உங்கள் ஹவுசிங்குக்குக் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். மேலே வந்ததும் நன்னீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பொத்தான்களை நீருக்குள்ளேயே அழுத்தி விடுங்கள். உப்பு காய்ந்து படிகமானபின் கழுவிப் பயனில்லை.

கேள்வி: படகிலேயே தங்கிச் செல்லும் பயணமா, கரையில் தங்குவதா, படமெடுக்க எது ஏற்றது?

பதில்: தொலைவிலுள்ள கப்பல்களுக்கும் பவளப்பாறைகளுக்கும் படகுதான் வழி. மற்ற படகுகள் வருவதற்கு முன், விடியலில் முதல் ஆளாக இறங்க முடிவது அதன் பெரிய லாபம். ஆனால் ஒரே இடத்தில் ஒரே மீனுக்காக மூன்று நாள் காத்திருக்க விரும்பினால் கரைதான் நல்லது. படகு உங்களுக்காக நிற்காது. பருவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தெளிந்த நீர் வேண்டுமா, பெரிய உயிரினங்கள் வேண்டுமா என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். மாலத்தீவின் ஹனிஃபாரு விரிகுடாவில் தென்மேற்குப் பருவத்தில் ஆனைத்திருக்கைகள் கூட்டமாகத் திரள்வது, நீரைக் கலங்கலாக்கும் மிதவை உயிரிகளைத் தின்னத்தான். அங்கே சிலிண்டருடன் இறங்க அனுமதி இல்லை, மூச்சுக்குழாயுடன் மேலே மிதந்துதான் எடுக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீரோட்டம் வலுக்கும் என்பதால், கப்பல்களைப் படமெடுப்பதற்கு இடைப்பட்ட நாள்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கேள்வி: கடைசி நாள் காலையில் முக்குளித்துவிட்டு மாலை விமானத்தில் திரும்பலாமா?

பதில்: கூடாது. பல நாள் தொடர்ந்து இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும்; நான் ஒரு முழு நாளை ஒதுக்கிவிடுகிறேன். உடலில் கரைந்த நைட்ரஜன், விமானத்துக்குள் குறையும் அழுத்தத்தில் குமிழியாகிவிடும். அந்த நாளைப் பதிவுகளைப் பிரதியெடுக்கப் பயன்படுத்துங்கள், இரண்டு தனித்தனி வட்டுகளில்.

கேள்வி: 57 வயதாகிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். படிக்கும் கண்ணாடி இல்லாமல் கேமராத் திரை தெரிவதில்லை. இனிமேல் கற்றுக்கொள்ளலாமா?

பதில்: வயது தடையில்லை. மாத்திரையைப் பற்றி முக்குளிப்பு மருத்துவம் அறிந்த மருத்துவரிடம் கேட்டு, அவர் கையெழுத்திட்ட சான்றுடன் பயிற்சிக்குப் போங்கள். பயிற்சிக்கு முன் தரும் மருத்துவப் படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். கண்ணுக்கு வழி எளிது. முகக்கவசக் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் சிறு லென்ஸ்கள் கிடைக்கின்றன. திரையும் அழுத்தமானியும் அதன் வழியே தெளிவாகத் தெரியும். நீருக்கடியில் எல்லாம் சற்றுப் பெரிதாகத் தெரியும் என்பது உங்களுக்குக் கூடுதல் வசதி.

கேள்வி: நான்கு மணி நேரப் பதிவு வைத்திருக்கிறேன். வீட்டில் யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பார்ப்பதில்லை.

பதில்: அவர்கள் மேல் தவறில்லை. நான்கு மணி நேரத்தை நான்கு நிமிடமாக்குங்கள். அடுத்த முறை ஒவ்வொரு காட்சியையும் அசையாமல் பத்து வினாடியாவது பிடித்து, அதே பொருளைத் தொலைவிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, கண்ணுக்கு நெருக்கமாக ஒன்று என எடுத்துவாருங்கள். வெட்டி இணைக்க அப்போதுதான் ஏதாவது இருக்கும். எல்லாவற்றின் மேலும் இசையைப் போட்டு மூடிவிடாதீர்கள். ஹவுசிங்கின் வழியே வரும் ஒலி மந்தமாக இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். உங்கள் மூச்சு, குமிழிகள், படகின் எஞ்சின், இவற்றுக்கிடையே, நீங்கள் மூச்சை உள்ளிழுக்கும் அந்தச் சில வினாடிகளில், கிளிமீன் பவளப்பாறையைக் கடித்து நொறுக்கும் சத்தம் பதிவாகியிருக்கும். பொரிகடலை மெல்லுவதுபோல அவ்வளவு தெளிவாகக் கேட்கும். என் வீட்டில், சமையலறையில் இருந்தவர்களைத் திரைக்கு முன்னால் கொண்டுவந்தது அந்தச் சத்தம்தான்.